முனைவர் பட்டத்தில் சேருமுன் எதைப் பார்க்கத் தவறுகிறோம்?

போன வாரம் சென்னிமலையிலிருந்து ஒரு தறிக்காரர், எம்.எஸ்சி. முடித்த மகளோடு வீட்டுக்கு வந்தார். "அந்த யுனிவர்சிட்டி ஏ பிளஸ் பிளஸ்ஸுங்களாமா. கண்ணை மூடிட்டுச் சேர்த்திரலாமுங்களா?" பதினைந்து வருடங்களுக்கு முன் நானும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டுதான் சேர்ந்தேன். கட்டணம், விடுதி எல்லாம் அவர்களே விசாரித்துவிடுவார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு.

கிரேடை நம்புவது

அந்த கிரேடைத் தருவது நாக், உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பு. அது நிறுவனம் முழுவதற்குமான மதிப்பீடு. அந்த கிரேடு முறையில் ஏழு அளவுகோல்கள் இருந்தன, நாலுக்கு 3.51 வந்தால் ஏ பிளஸ் பிளஸ். நூலகத்திலிருந்து மழைநீர் சேகரிப்பு வரை மார்க் இருந்தது. நீங்கள் ஐந்து வருடம் உட்காரப்போகும் துறையின் நிலவரம் அதில் தனியாகத் தெரியாது.

வழிகாட்டியை விசாரிக்காமல் சேர்வது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். என் ஆய்வை மேற்பார்வையிடும் வழிகாட்டியை நான் தேர்ந்தெடுத்தது ஒரு கருத்தரங்க பிளெக்ஸில் அவர் படம் பெரிதாக இருந்ததால். முதல் வருடம் அவருடைய வகுப்புகளை நான் எடுத்தேன், வினாத்தாள் தட்டச்சு செய்தேன். தை மாதம் கொடுத்த ஆய்வேட்டு இயல் ஆடியில் திரும்பி வந்தது. திருத்தியிருந்தது இரண்டு காற்புள்ளிகள். முடிக்க ஆறரை வருடம்.

ஒரு மதியம் உட்கார்ந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் வழிகாட்டியின் பெயரைப் போட்டால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். எல்லாம் உடனே ஏறிவிடாது, ஆனாலும் போக்கு தெரியும். திறந்து நன்றியுரையைப் படியுங்கள். என் சீனியர் ஒருவர் வழிகாட்டிக்கு ஒரு வரியும், புள்ளியியல் சொல்லிக்கொடுத்த வேறு துறை ஆசிரியருக்கு அரைப் பக்கமும் எழுதியிருந்தார். நான் அதைப் பார்த்தது மூன்றாம் வருடத்தில்!

பாதியில் விட்டுப்போனவர்கள் அந்தத் தளத்தில் இருக்க மாட்டார்கள். அதற்குத் துறைக்கே போக வேண்டும். அங்கிருக்கும் ஆய்வு மாணவர்களிடம் "சார் எப்படி?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம்ம ஊரில் யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை. "பரவாயில்லீங்க" என்பார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று கோயமுத்தூர்க்காரருக்குத் தெரியும். "கடைசியாகக் கொடுத்த இயல் எத்தனை நாளில் திரும்பி வந்தது?" என்று கேளுங்கள். "உங்களுக்கு முன்னால் இந்த மேஜையில் இருந்தவர் இப்போது எங்கே?" என்றும் கேளுங்கள்.

அப்புறம், அவரிடம் இப்போது எத்தனை பேர்? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2022 விதிப்படி பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 பேர் வரைதான். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருந்தால் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது.

கட்டுரைகளை எண்ணுவது

காசு கொடுத்தால் அச்சடிக்கும் இதழ்கள் இருக்கின்றன. வழிகாட்டியின் கட்டுரைகளை எண்ண வேண்டாம், இரண்டைப் படியுங்கள்.

'100 சதவீத வேலைவாய்ப்பு'

விளம்பரத்தில் இப்படிப் போட்டிருந்தால், முனைவர் பட்டம் முடித்தவர்களின் கணக்கைத் தனியாகக் கேளுங்கள்.

சரி, சென்னிமலைப் பெண் மனதில் வைத்திருந்த பேராசிரியரின் பெயரை என் போனிலேயே தேடினோம். பன்னிரண்டு வருடத்தில் இரண்டே ஆய்வேடுகள். "சேர்ந்த மத்தவங்கெல்லாம் எங்கீங்க போனாங்க?" என்றார் தறிக்காரர். திங்கட்கிழமை அந்தத் துறைக்கே போய்க் கேட்டு வருவதாகப் பெண் சொல்லியிருக்கிறாள்.