உடைந்த டைல்ஸில் ஒரு பூந்தொட்டி

வீட்டுத் தரை வேலையில் மிஞ்சிய டைல்ஸ், அம்மாவின் உடைந்த கண்ணாடி வளையல்கள். சில்லுகளை ஒட்டி அலங்கரிக்கும் மொசைக் தொட்டிக்கு இவையே போதும். டைல்ஸைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சில்லு தெறிக்கும்.

மண்தொட்டியை நனைத்துத் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். காய்ந்த மண் பசையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசை வெளியில் வைக்கும் தொட்டிக்கு ஆகாது. என் முதல் தொட்டி ஐப்பசி மழையில் துண்டு துண்டாக உதிர்ந்தது, அழுகையே வந்துவிட்டது. டைல்ஸ் ஒட்டும் பசைதான் சரி.

துண்டுகளுக்கிடையே 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். மறுநாள் வெள்ளை சிமெண்டை இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, கையுறையோடு இடுக்குகளில் அழுத்தித் தேயுங்கள். 20 நிமிடம் கழித்து ஈரப் பஞ்சால் துடைத்தால், வெள்ளைப் பூச்சுக்குள்ளிருந்து வளையலின் பச்சை எட்டிப் பார்க்கும். அப்புறம் இரண்டு நாள் ஈரத்துணி போர்த்தி நிழலில் வையுங்கள்.