ஃபைபர் படகில் மக்கிப்போன டிரான்ஸம்: பிரிப்பதில் இருந்து மோட்டார் மாட்டுவது வரை

மோட்டார் தொங்கும் பின்பலகையான டிரான்ஸம் வெளியே பார்க்க முழுக்க ஃபைபராகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது மரம். வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே, சிறு படகுகளில் பெரும்பாலும் இரண்டு 18 மி.மீ. பிளைவுட்டை ஒட்டி வைத்திருப்பார்கள். மோட்டார் போல்ட், வடிகால் துளை, சென்சார் மாட்ட அடித்த ஒரு சின்ன ஸ்க்ரூ, மேல்விளிம்பில் விழுந்த கீறல் என ஏதாவது ஒரு வழியில் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். இரண்டு பக்கமும் ஃபைபர் மூடியிருப்பதால் அது வெளியேற முடியாது. கடல்நீரைவிட மழைநீர்தான் அதிகம் கெடுக்கும், ஏனென்றால் உப்பு பூஞ்சையை ஓரளவு அடக்கி வைக்கும். மூடாமல் கரையில் கிடக்கும் படகில் டிரான்ஸம் சீக்கிரம் மக்குவது இதனால்தான்.

முதலில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பாருங்கள். சுத்தியலின் பிளாஸ்டிக் பிடியால் பலகை முழுவதும் தட்டினால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், கெட்ட இடம் தொப்பென்று அடங்கிப்போகும். மோட்டாரின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது டிரான்ஸம் வளைந்தாலோ, மூலைகளில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ சந்தேகம் உறுதியாகிறது. பிறகு உள்பக்கத்திலிருந்து 5 மி.மீ. பிட்டால், வெளித்தோலைத் தொடாத ஆழத்தில், நாலைந்து இடங்களில் துளையிடுங்கள். வெளிறிய, உலர்ந்த சுருள் வந்தால் அங்கே மரம் நன்றாக இருக்கிறது. கருப்பும் பழுப்புமாக ஈரக் களி பிட்டில் ஒட்டிக்கொண்டு, புளித்த வாடை அடித்தால் பலகை போய்விட்டது.

துளை போட்டு, இரண்டு பாகம் கலந்தால் இறுகும் ரெசினான (பிசின் திரவம்) எபாக்ஸியை நீர்க்க ஊற்றினால் மரம் இறுகிவிடும் என்று சொல்வார்கள். அதை நம்பிப் பெரிய மோட்டாரைத் தொங்கவிட வேண்டாம். ஈரம் ஊறிய மரம் ரெசினை உறிஞ்சாது. ஊற்றியது காலி இடங்களில் மட்டும் தேங்கி நிற்கும், சுற்றியுள்ள மரம் தொடர்ந்து மக்கும்.

பிரிப்பதற்கு முன் படகை அடியில் பல இடங்களில் சமமாகத் தாங்கி நிறுத்தி, பின்பக்கம் இரு விளிம்புகளையும் இணைத்து ஒரு குறுக்குச் சட்டம் கட்டுங்கள். டிரான்ஸம் போனதும் பக்கங்கள் விரியும். விரிந்த நிலையில் புதுப் பலகை ஒட்டினால் படகு அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். மோட்டார் துளைகளின் இடம், பின்பலகையின் சாய்வு, அடியிலிருந்து மேல்விளிம்பு வரையான உயரம் மூன்றையும் குறித்து வையுங்கள். ஷார்ட் ஷாஃப்ட் (குட்டைத் தண்டு) மோட்டாருக்கு உயரம் சுமார் 15 அங்குலம், லாங் ஷாஃப்டுக்கு (நீளத் தண்டு) சுமார் 20 அங்குலம். உயரம் மாறினால் ப்ரொப்பெல்லர் காற்றைக் கடிக்கும், அல்லது தேவைக்கு மேல் ஆழத்தில் இழுத்துக்கொண்டு போகும்.

இடம் இருந்தால் உள்ளிருந்தே வேலை செய்யுங்கள். வெளித்தோல் அச்சாகவும் இருக்கும், வெளிப்பூச்சும் கெடாது. ஓரத்திலிருந்து சுமார் 50 மி.மீ. விட்டு, உள்தோலை மட்டும் கிரைண்டரால் வெட்டி எடுங்கள். வெட்டிய துண்டை எறியாமல் அதன் கனத்தை அளந்துகொள்ளுங்கள், புது உள்தோல் அதற்குக் குறையக் கூடாது. மக்கிய மரம் உளியிலேயே பெயர்ந்துவிடும். கெட்டியாக ஒட்டியிருக்கும் இடங்களில்தான் பொறுமை வேண்டும், அங்கே நெம்பினால் மெல்லிய வெளித்தோல் கிழியும். பிறகு ஓரங்களையும் வெளித்தோலின் உள்முகத்தையும் 36 அல்லது 40 கிரிட் (சொரசொரப்பான) உப்புத்தாளால் தேய்த்துப் புது ஃபைபர் தெரிய வையுங்கள். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் அசிட்டோனால் துடைக்க வேண்டும். முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம். ஸ்ட்ரிங்கர் என்கிற நீளச் சட்டங்களின் பின்முனையையும் இப்போதே குத்திப் பாருங்கள். டிரான்ஸம் மக்கிய படகில் அவையும் பல நேரம் மக்கியிருக்கும்.

எந்த ரெசின், எபாக்ஸியா, பாலியெஸ்டரா? பழைய ஃபைபரிலும் மரத்திலும் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும், ஆனால் விலை அதிகம். பழைய பரப்பைச் சரியாகத் தேய்த்திருந்தால் பாலியெஸ்டரும் போதும். எபாக்ஸி எடுத்தால் சாதாரண மேட் (நறுக்கிய இழைகளைப் பசையால் ஒட்டிய ஃபைபர் விரிப்பு) வேண்டாம், இரு திசை இழைகளைத் தைத்த பயாக்ஸியல் துணி வாங்குங்கள். மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும்.

பாலியெஸ்டரை இறுக வைக்கும் திரவமான கேட்டலிஸ்ட் எடையில் 1 முதல் 2 சதவீதம், அதாவது ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் தனியாக வந்தால் முதலில் அதை ரெசினில் முழுக்கக் கலக்குங்கள், அதன் பிறகே கேட்டலிஸ்ட். இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும். இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளையைக்கூடப் பயன்படுத்தாதீர்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

புதுப் பலகைக்கு மரைன் பிளைவுட் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அட்டையில் அச்சு எடுத்து, சுற்றிலும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டுங்கள். மரம் ஹல்லை (படகின் உடலை) நேராக முட்டினால் அந்த இடத்தில் பின்னால் விரிசல் விழும். இரண்டு பலகைகளையும் கெட்டியாக்கிய ரெசினால் ஒட்டி, இறுகியதும் வெட்டுமுனைகளைக் கவனியுங்கள். முதல் பூச்சை அவை நொடியில் குடித்துவிட்டு மறுபடி உலர்ந்து நிற்கும். மேலே பளபளப்பு தங்கும்வரை பூசிக்கொண்டே இருங்கள். இங்கே கை சுருக்கினால், நாளை தண்ணீரும் இதே வழியில்தான் ஏறும்.

ஒட்டும் கலவைக்கு ரெசினோடு சிலிக்காத் தூளும் நறுக்கிய ஃபைபர் இழையும் சேர்த்து, கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்கும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். 1.5 மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரப் பலகைக்கு 5 மி.மீ. கனத்தில் கலவை பரப்புவது என்றால் சுமார் 3.75 லிட்டர் வேண்டும். பாலியெஸ்டர் என்றால், வெளித்தோலில் ஒரு அடுக்கு 450 கிராம் (சதுர மீட்டருக்கு) மேட்டை நனைத்து ஒட்டி, அதன் மேல் கலவையைப் பரப்பிப் பலகையை அழுத்துங்கள். வெளிப்பக்கம் நேரான கட்டைகள் வைத்து, மோட்டார் துளைகள் வழியாகப் போல்ட் போட்டு இழுங்கள். ஓரமெங்கும் கலவை பிதுங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் ஒட்ட வேண்டியதெல்லாம் வெளியே வந்துவிடும். வெயில் ஏறுமுன் இதைச் செய்தால் அவகாசம் கிடைக்கும்.

பலகையும் ஹல்லும் சேரும் மூலையில் அதே கலவையால் 25 மி.மீ. ஆர வளைவு கொடுங்கள். கூர்மூலையில் ஃபைபர் படியாது, அடியில் காற்று நிற்கும். வளைவின் மேல் 100, 150, 200 மி.மீ. அகல நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பிறகு முழு உள்தோலைப் போடுங்கள். பாலியெஸ்டரில் மேட்டும் ரோவிங் என்கிற தடித்த நெய்த ஃபைபர் துணியும் மாறி மாறி வரட்டும். மேட்டுக்கு அதன் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். ஒரே மூச்சில் இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம், சூடேறி வெந்துபோகும். கலந்து மிஞ்சிய ரெசினை டப்பாவில் குவித்து வைத்தால் புகைந்து தீப்பிடிக்கும், தட்டையாகப் பரப்பி வெளியில் வையுங்கள்.

மேல்விளிம்பை உருட்டித் தேய்த்து, இரண்டு அடுக்கால் மூடுங்கள். 12 மி.மீ. போல்ட்டுக்கு மரத்தில் 20 மி.மீ. துளை போட்டு, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் 13 மி.மீ. துளையிடுங்கள். இனி போல்ட் தொடுவது எபாக்ஸியை மட்டுமே, மரத்துக்குத் தண்ணீர் போகாது. வடிகால் துளைக்கும் இதே முறை. சென்சார்களுக்குப் பலகையில் ஸ்க்ரூ அடிக்காமல், வெளியில் ஒரு பிளாஸ்டிக் தகட்டை ஒட்டி அதில் மாட்டுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே சிலிகோன் வேண்டாம், பாலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள்.

ஒரு வாரம் இறுகவிட்டு, உள்ளே அகலமான தகடு கொடுத்து, 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் மோட்டாரை மாட்டுங்கள். சில ஓட்டங்களுக்குப் பிறகு ஒருமுறை இறுக்கிப் பார்க்கும்போது, போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். போல்ட் சுழன்றால் சுற்றியுள்ள சீலன்ட் அறுந்துவிடும். அறுந்திருந்தால் போல்ட்டைக் கழற்றி, துளையை உலரவிட்டு, புது சீலன்ட் வைத்து மறுபடி மாட்ட வேண்டும்.