மாருதி 800: ஸ்டீயரிங் ஆட்டத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

1983 இறுதியில் வெளிவரத் தொடங்கி 2014 தொடக்கத்தில் தயாரிப்பு நின்றுபோன மாருதி 800 கார்களில், வயதாக ஆக ஸ்டீயரிங் ஆட்டம் கொடுப்பது இயல்பே. பட்டறைக்குக் கொண்டுபோனால், ஸ்டீயரிங்கின் திருப்பத்தைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பற்சட்டமான ரேக்கையே மாற்றச் சொல்வதுண்டு. ஆனால் ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் (டை ராட்) நுனியில் உள்ள, ரேக்கை விட மிக மலிவான டை ராட் எண்டுதான் பெரும்பாலும் முதலில் தேய்கிறது என்பதால், எந்த இணைப்பு ஆடுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே பாகம் வாங்க வேண்டும்.

முதலில் டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காரைச் சமதளத்தில், முன்சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்த வேண்டும். ஸ்டீயரிங்கின் விளிம்பை விரல்களால் மெல்ல நகர்த்தும்போது, டயர் அசைவதற்கு முன் அது ஏறக்குறைய 30 மில்லிமீட்டருக்கு மேல் வெறுமனே நகர்ந்தால், எங்கோ தேய்மானம் இருக்கிறது. அடுத்து, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதளவு ஆட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் ஒவ்வோர் இணைப்பிலும் கைவைத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைக் காரைத் தூக்காமல் செய்வது முக்கியம். டயர் தரையைப் பிடித்திருக்கும்போதுதான் இணைப்புகளில் சுமை ஏறி, ஆட்டம் தெளிவாகப் புலப்படும்.

ஸ்டீயரிங் தண்டின் அடியில் உள்ள ஜாயிண்ட்டில் மேல்பகுதி திரும்பியும் கீழ்ப்பகுதி தாமதமாகத் திரும்பினால், குறை அங்கேயே இருக்கிறது. சில கார்களில் அதன் போல்ட்டை இறுக்குவதே போதுமானது. ரேக் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்தால் கிளாம்பும் அதன் ரப்பரும் தளர்ந்திருக்கும். ரேக்கின் முனையை மூடியிருக்கும் ரப்பர் உறையை அழுத்திப் பிடிக்கும்போது உள்ளே தட்டுவது தெரிந்தால், அது டை ராட் ரேக்கோடு சேரும் உள் இணைப்பான ரேக் எண்ட். சக்கரத்தருகே உள்ள பந்து இணைப்பில் ‘டக்’ என்ற அதிர்வு கைக்குத் தட்டுப்பட்டால் அது டை ராட் எண்ட்.

இதற்குப் பிறகு ஜாக்கியால் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு கொடுத்து, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங்கையும், மறையாவிட்டால், சக்கரத்தைக் கீழ்ப்புறம் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட்டையும் சந்தேகிக்கலாம். இந்தக் காரில், முன்பக்கம் குறுக்கே போகும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரே லோயர் ஆர்மை முன்பின் நகராமல் பிடித்துக்கொள்வதால், அதன் ரப்பர் புஷ்கள் நைந்தால், இணைப்புகள் அனைத்தும் உறுதியாக இருந்தும் பிரேக் போடும்போது கார் ஒருபக்கம் அலையும். பலர் இதையும் ரேக்கின் குறையாகவே எண்ணிவிடுகிறார்கள்.

டை ராட் எண்டை மாற்றும்போது, அதை டை ராடில் இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டைச் சற்றுத் தளர்த்தி, அதன் இடத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்ள வேண்டும். பந்து இணைப்பின் நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னையும் அந்த நட்டையும் கழற்றிய பிறகு, இழுப்பானைப் பயன்படுத்தி இணைப்பைப் பிரிப்பது நல்லது. இணைப்பின் மரையில் சுத்தியலால் அடிப்பது கூடாது. பழைய எண்டை எத்தனை சுற்றில் கழற்றினோமோ அத்தனை சுற்றில் புதியதை ஏற்ற வேண்டும். ஸ்பிலிட் பின் நுழையும் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் சிறிது இறுக்க வேண்டுமே தவிர, ஒருபோதும் தளர்த்தக் கூடாது. ஸ்பிலிட் பின் புதியதாகவே இருக்க வேண்டும்.

மற்ற இணைப்புகளையெல்லாம் பார்த்து முடித்த பிறகே ரேக்கில் உள்ள சரிசெய்யும் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். நேர்சாலை ஓட்டமே அதிகம் என்பதால் ரேக்கின் பற்கள் நடுவில்தான் கூடுதலாகத் தேய்கின்றன. நடுவில் உள்ள ஆட்டம் போகும்வரை இறுக்கினால், இரு ஓரங்களிலும் ஸ்டீயரிங் கடினமாகி, வளைவுக்குப் பின் தானாக நேர்நிலைக்குத் திரும்பாது. ஆகவே மிகச் சிறிதளவே இறுக்கி, இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கேனும் பிடித்தால் ஸ்க்ரூவைப் பழைய நிலைக்கே தளர்த்திவிட வேண்டும். அப்படியும் ஆட்டம் மிஞ்சினால் ரேக்கை மாற்றுவதே வழி.

டை ராட் எண்ட், ரேக் எண்ட் என எதை மாற்றினாலும் வீல் அலைன்மெண்ட் பார்ப்பது அவசியம். அப்போது ஸ்டீயரிங் சாய்ந்து நின்றால், அதைக் கழற்றி நேராக மாட்டுவதை விட, இருபுற டை ராட்களையும் சம அளவில் திருப்பிச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்ள வேண்டும்.