சூரியக் கதிர்வீச்சு உணரியின் அளவு பிசகாமல் இருக்க

பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் தொழிற்கூடங்களிலும் மொட்டைமாடிச் சூரிய மின் அமைப்புகளைப் பராமரிக்கும் நம்மவர்கள், பேனல்களுக்குக் காட்டும் அக்கறையை, அவற்றின் மேல் விழும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் உணரியான பைரனோமீட்டருக்கும் காட்ட வேண்டும். அதன் கண்ணாடிக் குமிழில் கட்டுமானத் தூசி படிந்தால் கதிர்வீச்சு குறைவாகப் பதிவாகிறது. மின் உற்பத்தியை இந்தக் கதிர்வீச்சு அளவோடு ஒப்பிட்டே செயல்திறனைக் கணக்கிடுவதால், பேனல்களின் செயல்திறன் உள்ளதைவிட உயர்வாகத் தெரிந்து, உண்மையான இழப்பு மறைந்துவிடுகிறது.

குமிழை வெயில் ஏறுவதற்கு முன், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்துணியால் துடைத்து, துடைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். உணரி சாயாமல் இருப்பதைக் காட்டும் மட்டக்குமிழி வட்டத்தின் நடுவில் நிற்கிறதா என்றும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரவில் அளவு பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். வெப்ப வேறுபாட்டை மின்னழுத்தமாக மாற்றி அளக்கும் தெர்மோபைல் வகையில் சிறிய எதிர்மறை எண் வருவது இயல்பே. சிதறிய மேகங்களின் ஓரத்தில் வெளிச்சம் எதிரொளித்துச் சதுர மீட்டருக்கு 1000 வாட்டையும் தாண்டக்கூடும் என்பதால், மேகமற்ற நாளில் மட்டுமே மற்றோர் உணரியுடன் ஒப்பிடுங்கள்.

பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை, உலகக் கதிர்வீச்சு மேற்கோள் அளவுடன் (எல்லா உணரிகளுக்கும் அடிப்படையான பொது அளவுகோல்) தொடர்புபடுத்தக்கூடிய சான்றிதழ் தரும் ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் செய்வது நல்லது. இதில் பலரும் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு: சான்றிதழிலுள்ள புதிய உணர்திறன் எண்ணை (உணரியின் மின்னழுத்தத்தைக் கதிர்வீச்சு அளவாக மாற்ற உதவும் எண்), அளவுகளைச் சேமிக்கும் கருவியான டேட்டா லாகரில் பதியாவிட்டால், பழைய பிழையே தொடரும்.