குண்டைக் கண்டால் கை சும்மா இருக்கட்டும்

2022 ஏப்ரலில் இஸ்ரேலின் பென் குரியன் விமான நிலையத்தில் ஓர் அமெரிக்கக் குடும்பம் பழைய பீரங்கிக் குண்டு ஒன்றை எடுத்துக் காட்டியது. கோலான் குன்றுகளில் கிடைத்ததாம். ஊருக்குக் கொண்டுபோகப் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்டார்கள். கூட்டம் சிதறி ஓடியது. குண்டு வெடிக்கவில்லை, ஓடியதில் ஒருவருக்கு அடிபட்டது.

சிரிப்பு வரலாம். ஆனால் ராணுவத்தின் வெடிகுண்டு செயலிழப்புக் குழுக்களுக்கு இந்த ரகம் புதிதல்ல. வயலில் கிடந்ததைக் காரில் போட்டுக் காவல் நிலைய மேசையிலேயே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. நல்லெண்ணம்தான். ஆனால் ஆளில்லாத இடத்தில் கிடந்த ஆபத்து இப்போது ஊர் நடுவே வந்துவிட்டது.

"இத்தனை வருஷம் மண்ணில் கிடந்தது, இனிமேலா வெடிக்கப்போகிறது?" என்கிற நினைப்புதான் இருப்பதிலேயே மோசம். மேலே துரு ஏறினாலும் உள்ளே வெடிமருந்து வீரியத்தோடு இருக்கலாம். அதை அடக்கிவைத்திருந்த பாகம்தான் இற்றுப்போயிருக்கும். 2010இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் இரண்டாம் உலகப் போர்க் குண்டு ஒன்று, செயலிழக்க வைக்கும் வேலை தொடங்குமுன்பே வெடித்தது. இறந்த மூவருமே அந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்கள். 2021 டிசம்பரில் மியூனிக்கில் ரயில் பாதையருகே துளையிட்டபோது இன்னொன்று வெடித்தது.

இந்தக் குழுக்களுக்கு அழைப்பு ஆய்வுக்கூட அலமாரியிலிருந்தும் வரும். பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை சாது, காய்ந்துவிட்டால் வெடிமருந்து. மூடி இடுக்கில் படிகம் படிந்திருந்தால் திருகும் உரசலே போதும். திறந்து பார்ப்பது, தண்ணீர் ஊற்றிக் கழுவப் பார்ப்பது இரண்டுமே வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டுத் தகவல் சொன்னால் போதும்.

சரி, யாரோ வேண்டுமென்றே வைத்த குண்டு என்றால்? அப்போது அது வழக்கின் சாட்சிப் பொருளும்கூட. டேப்பில் ஒட்டிய கைரேகை, வயரை வெட்டிய விதம் எல்லாமே குற்றவாளியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். அதனால்தான் முடிந்தவரை முழுசாக வெடிக்கவிடாமல், ரோபோவை அனுப்பி, அதிவேக நீர்த்தாரையால் பாகம் பாகமாகச் சிதறடிப்பார்கள். சிதறிய துண்டைக் கையில் எடுத்துப் படம் பிடிக்கிறவர் வழக்கைக் கெடுக்கிறார்.

காவலர்களும் சறுக்குவதுண்டு. எல்லோர் கண்ணும் முதல் பொருளின்மேலேயே இருக்கும். தாங்கள் வந்து நிற்கும் இடத்தை யாரும் சோதிப்பதில்லை. கூட்டம் எங்கே ஒதுங்கும் என்று கணக்குப் போட்டு அங்கே இரண்டாவது குண்டை வைப்பது பழைய தந்திரம்.

அப்புறம் இன்னொரு சறுக்கல், வந்தது போலிக் குண்டு என்றால் பெருமூச்சு விட்டு வழக்குக் கோப்பை மூடிவிடுவது. குழு வர எத்தனை நிமிடம் ஆகிறது, தடுப்பு எங்கே போடுகிறார்கள் என்று வேவு பார்க்கவே சிலர் போலி வைப்பார்கள். அன்று வேடிக்கை பார்க்க நின்றவர்கள் யார் யார் என்று விசாரிப்பதில் தப்பே இல்லை.