கட்டெறும்பு வளர்க்கப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

மண்ணுக்குள் கூடு கட்டும் எறும்பை வளர்க்க ஆசை வந்ததும் பலர் முதலில் தேடுவது மண்வெட்டியைத்தான். வேப்பமரத்தடியில் பெரிய கறுப்புக் கட்டெறும்பு போய்வரும் ஓட்டையைப் பார்த்துவிட்டு, ராணி உள்ளேதானே இருக்கும் என்று தோண்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். ராணி கைக்குக் கிடைப்பதற்குள் கூடே சிதைந்துவிடும், மிஞ்சுவது வேலைக்கார எறும்புகள் மட்டும், அவற்றை வைத்துக்கொண்டு கூட்டம் பெருகாது, ஒவ்வொன்றாகச் செத்துத் தீரும்.

மழைக்காலம் வரை பொறுத்திருங்கள். இறக்கை முளைத்த ராணிகள் கூட்டமாகப் பறந்து, இணைசேர்ந்து, கீழே இறங்கி இறக்கையை உதிர்த்துவிட்டு இடம் தேடி நடக்கும். அதில் ஒன்று போதும். ஆனால் அதே மழைக்கு ஈசலும் கிளம்பும், அதைப் பிடித்துவந்து டப்பாவில் போட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. ஈசல் கரையான் இனம்: நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு தடிமன், உணர்கொம்பு நேராக இருக்கும். எறும்பு ராணிக்கு முன்னிறக்கை பெரிது, இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு நடுவில் மடங்கியிருக்கும்.

சரி, ராணி கிடைத்துவிட்டது. டெஸ்ட் டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, பஞ்சை இறுக்கி அடைத்து, ராணியை விட்டு, வாயில் இன்னொரு பஞ்சு வைத்து இருட்டில் வைப்பீர்கள். காரியம் கெடுவது இதற்குப் பிறகுதான். பாவம், பட்டினி கிடக்கிறதே என்று ஒரு சொட்டுத் தேனை உள்ளே விடுவார்கள். கட்டெறும்பு ராணிக்கு அது தேவையே இல்லை. இனி பறக்கப் போவதில்லை என்பதால் இறக்கையை இயக்கிய தசையையும் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பையும் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும். விட்ட தேன்தான் பூஞ்சை பிடிக்கும். அப்புறம், தினமும் எடுத்து எடுத்துப் பார்ப்பது. டியூபைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அதிர்வு, வெளிச்சம். மிரண்டுபோன ராணி தன் முட்டையைத் தானே தின்றுவிடும். வாரத்துக்கு ஒரு தடவை, அரை நிமிடம், அவ்வளவுதான். ஜன்னலோரத்தில் வைக்கவே கூடாது: வெயில் பட்டால் தண்ணீருக்குப் பின்னால் இருக்கும் காற்று விரிந்து, பஞ்சைத் தாண்டித் தண்ணீரைத் தள்ளிவிடும், காலையில் பார்த்தால் முட்டைகள் மிதக்கும். அரிசி மாதிரி பழுப்பாகத் தெரிவது கூட்டுப்புழு, உதவி செய்வதாக நினைத்து அதைப் பிரிக்காதீர்கள், ராணியே பிரித்துவிடும்.

முதல் வேலைக்காரிகள் வெளியே வந்தபின் சாப்பாடு கொடுக்கலாம். சர்க்கரைத் தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதாது. வளர்ந்த எறும்புகளுக்கு அது ஓடித் திரிய உதவும், முட்டையிலிருந்து வந்த எறும்புப் புழுக்கள் வளரப் புரதம் வேண்டும், அதாவது பூச்சி. மருந்தடித்த தோட்டத்துப் பூச்சியைப் போட்டால் மொத்தக் கூட்டமும் காலி.

பத்துப் பதினைந்து எறும்பு இருக்கும்போதே பெரிய கண்ணாடிக் கூட்டுக்கு மாற்றும் அவசரமும் வேண்டாம். காலியான அறைகளைக் குப்பைத் தொட்டி ஆக்கிவிடும், ஈரமும் நிற்காது. டியூபே நெருக்கமாகும் வரை அதிலேயே இருக்கட்டும். பிறகு மாற்றும் கூட்டில் ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காய்ந்து இருக்க வேண்டும், முட்டையை எங்கே வைப்பது என்று அவையே முடிவு செய்யும். முழுக்க நனைத்து வைப்பது மண் எறும்புக்கும் ஆகாது. தப்பிக்காமல் இருக்க, கூட்டோடு சேர்த்து எறும்புகள் இரை தேடித் திரிய வைக்கும் வெளிப்பெட்டியின் மேல்விளிம்பில் டால்கம் பவுடரை ஆல்கஹாலில் குழைத்துப் பூசினால் போதும், காய்ந்ததும் கால் வழுக்கும். எறும்பு சாக்பீஸ் கோடு போட்டுவிடாதீர்கள், அது விஷம்.

இன்னொரு கூட்டத்து எறும்பைத் துணைக்கு விடாதீர்கள், அடித்துக் கொன்றுவிடும். வெளிநாட்டு ராணிகளை ஆன்லைனில் வரவழைக்கவும் வேண்டாம். 2025 மே மாதம் கென்யாவில், ஆயிரக்கணக்கான அறுவடை எறும்பு (விதை சேகரிக்கும் எறும்பு) ராணிகளைக் கடத்த முயன்ற நான்கு பேருக்கு, இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் உட்பட, தலா பத்து லட்சம் ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பானது. அந்த ராணிகளும் பஞ்சடைத்த டியூபில்தான் இருந்தன. அப்படி வந்த எறும்பு தப்பித்து நம் மண்ணில் பரவினால் திரும்பப் பிடிக்க வழியே இல்லை. நம் தெருவிலேயே மழைக்குப் பிறகு நடந்துபோகும் ராணி இருக்கும்போது அந்த வேலை எதற்கு?