பிளேஆஃப் தோல்வியும் டிரேட் பேச்சும்: குவார்ட்டர்பேக்கைப் பற்றி வாதிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பெரிய அணி பிளேஆஃபில் (பருவ முடிவில் நடக்கும், தோற்றவர் வெளியேறும் சுற்றில்) தோற்றால் அன்று இரவே இரண்டு கேள்விகள் கிளம்பிவிடும். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கடைசி நேரத்தில் ஏன் அப்படி ஆடினார்? இனி அவரை வைத்துக்கொள்வதா, வேறு அணிக்குக் கொடுத்து (டிரேட் செய்து) விடுவதா? முதல் கேள்வி ஆட்டத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வி ஒப்பந்தம், வயது, சம்பளக் கணக்கு, அடுத்து ஆட ஆள் இருக்கிறாரா என்பதைப் பற்றியது. கோபத்தில் இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது இரண்டுக்குமே தப்பான பதில் வருகிறது. ரசிகர்கள் செய்யும் மற்றத் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்து முளைப்பவைதான்.

இதற்கு நல்ல உதாரணம் 2021 ஜனவரி 24 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் லாம்போ ஃபீல்டில் நடந்த என்.எஃப்.சி. (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டம். கிரீன் பே பேக்கர்ஸும் டாம்பா பே பக்கனியர்ஸும் மோதின. ஜெயிப்பவருக்கு சூப்பர் பவுல் என்ற சாம்பியன் ஆட்டத்தில் இடம். பேக்கர்ஸின் குவார்ட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸுக்கு அப்போது 37 வயது. எதிரில் டாம்பாவின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது. பேக்கர்ஸ் 31-23 என்று பின்தங்கியிருக்கிறது. பந்து கோல் கோட்டிலிருந்து 8 யார்டு தூரத்தில். ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. முதல் இரண்டில் ராட்ஜர்ஸ் எறிந்த பாஸ்கள் யார் கையிலும் சிக்கவில்லை. மூன்றாவது முயற்சியில் அவர் வலது பக்கம் நகர்ந்தார். முன்னால் கொஞ்சம் புல்வெளி திறந்து கிடந்தது. ஓடாமல், கூட்டத்துக்கு நடுவே நின்ற சக வீரர் டாவன்டே ஆடம்ஸை நோக்கி எறிந்தார். அதுவும் வீண். நான்காவது முயற்சியில் தலைமைக் கோச் மேட் லஃப்லூர் ராட்ஜர்ஸை வெளியே அழைத்துவிட்டு, உதைப்பவர் மேசன் கிராஸ்பியை அனுப்பினார். ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 3 புள்ளி தந்தது, 31-26 ஆனது. அதற்குப் பிறகு பந்து பேக்கர்ஸ் கைக்குத் திரும்பவே இல்லை.

இங்கே எடுக்கப்பட்ட முடிவுகள் இரண்டு. ஓடாமல் எறிந்தது ராட்ஜர்ஸின் முடிவு. நான்காவது முயற்சியை ஆடாமல் உதைத்தது கோச்சின் முடிவு. ஆட்டம் முடிந்ததும் ராட்ஜர்ஸே, ஃபீல்டு கோல் தன் முடிவு இல்லை என்று சொன்னார். ஆனாலும் இன்றுவரை "ராட்ஜர்ஸ் ஃபீல்டு கோலுக்கு ஒத்துக்கொண்டார்" என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். யார் எதைத் தீர்மானித்தார் என்பதைப் பிரித்துக்கொள்ளாமல் வாதத்தைத் தொடங்கினால் அது எங்கும் போய்ச் சேராது.

சரி, அவர் ஓடியிருக்கலாமா? இங்கேதான் இரண்டாவது தவறு: உயரத்தில் இருக்கும் கேமராவின் கண்ணால் வீரரை எடைபோடுவது. மேலிருந்து எடுத்த படத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தால் வழி தெளிவாகத் தெரியும். களத்தில் நிற்பவருக்கு அப்படித் தெரியாது. துரத்தி வரும் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே, இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். கண்ணும் பெரும்பாலும் ஆடம்ஸ் மேலேயே இருக்கும். ஓடினால் கோட்டைத் தொட்டிருப்பார் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சில யார்டு கிடைத்திருக்கும் என்று மட்டும் சொல்லலாம். அந்தச் சில யார்டு கிடைத்திருந்தால் நான்காவது முயற்சி சுலபமாகியிருக்கும் என்பதும் உண்மை. அதனால் அவர் ஓடியிருக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நான்கு முயற்சியும் கிடைக்கும் என்று தான் நினைத்ததாக ராட்ஜர்ஸ் பிறகு சொன்னார். நான்காவது முயற்சியில் உதைக்கப் போகிறோம் என்று முன்பே தெரிந்திருந்தால், மூன்றாவதில் அவர் வேறு மாதிரி யோசித்திருப்பார். தவறு கையில் நடந்ததா, கோச்சுக்கும் வீரருக்கும் இடையே நடக்க வேண்டிய பேச்சில் நடந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்டவர்கள் குறைவு.

அப்புறம் அந்த ஃபீல்டு கோல். தோற்றுவிட்டார்கள், ஆகவே முடிவு தப்பு என்று சொல்வது சுலபம், ஆனால் அது வாதம் ஆகாது. முடிவெடுத்த நொடியில் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். பேக்கர்ஸிடம் மூன்று டைம்-அவுட்டும் மிச்சம். போதாததற்கு இரண்டு நிமிட எச்சரிக்கையின்போது கடிகாரம் இன்னொரு முறை நிற்கும். எதிரணியைத் தடுத்துவிட்டால் பந்து திரும்பி வரும் என்பது லஃப்லூரின் கணக்கு. அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை.

ஆனால் எதிர்க்கணக்கு இன்னும் கனமானது. 8 புள்ளி வித்தியாசத்தில் ஃபீல்டு கோல் அடித்தாலும் 5 புள்ளி பாக்கி. ஜெயிக்க எப்படியும் ஒரு டச் டவுன் தேவை (பந்தைக் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்த்தால் 6 புள்ளி; கூடவே ஓர் உதையால் 1 அல்லது இன்னொரு முயற்சியால் 2 எடுக்கலாம்). அதை 8 யார்டு தூரத்திலிருந்து இப்போதே முயல்வதா, பிரேடியிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கி, நீண்ட தூரத்திலிருந்து முயல்வதா? இன்னொன்றும் உண்டு. நான்காவது முயற்சி தோற்றிருந்தாலும் டாம்பா தன் கோல் கோட்டுக்கு 8 யார்டு பக்கத்திலிருந்துதான் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கும். டைம்-அவுட்டுகளும் அப்படியே இருந்திருக்கும். ஃபீல்டு கோல் அடித்தால் பந்தை உதைத்து அனுப்ப வேண்டும், அப்போதைய விதிப்படி எதிரணி வழக்கமாக 25 யார்டுப் பக்கம் தொடங்கும். மறுபுறம், டச் டவுன் அடித்தாலும் சமன் செய்ய இரண்டு புள்ளி முயற்சியும் பலிக்க வேண்டும், அதற்குப் பிறகும் பிரேடிக்கு இரண்டு நிமிடம் இருக்கும். இத்தனையையும் தட்டில் வைத்தால் நான்காவது முயற்சியை ஆடுவதுதான் சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இல்லை. பந்து திரும்பக் கிடைத்து பேக்கர்ஸ் ஜெயித்திருந்தாலும் நான் இதையேதான் சொல்ல வேண்டும். முடிவு மாறினால் கருத்தும் மாறுமென்றால், முதலில் சொன்னது கருத்தே அல்ல.

இதோடு சேர்ந்த தவறு, மொத்த ஆட்டத்தையும் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் அடைப்பது. அந்த 8 புள்ளி வித்தியாசம் எங்கிருந்து வந்தது? முதல் பாதி முடிய ஒரு நொடி இருக்கும்போது பிரேடி 39 யார்டு டச் டவுன் எறிந்தார், ஸ்காட்டி மில்லர் பிடித்தார். இரண்டாம் பாதி தொடங்கியதும் பேக்கர்ஸின் ஆரோன் ஜோன்ஸ் பந்தைத் தவறவிட்டார். உடனே டாம்பா இன்னொரு டச் டவுன், 28-10. பேக்கர்ஸ் ஏறி வந்து 28-23 ஆனபோது இரண்டு புள்ளி முயற்சியில் எறிந்த பந்து கைநழுவியது. அங்கே சாதாரண ஒரு புள்ளி உதையை எடுத்திருந்தால், டாம்பா பிறகு அடித்த ஃபீல்டு கோலோடு கணக்கு 31-24. கடைசியில் ஒரு டச் டவுனும் ஓர் உதையும் போதும், ஆட்டம் சமன். அதைவிடப் பெரியது, பிரேடி இரண்டாம் பாதியில் மூன்று பாஸ்களை எதிரணியிடம் எறிந்தார். மூன்றிலிருந்தும் பேக்கர்ஸ் எடுத்தது 6 புள்ளிதான். இரண்டு வாய்ப்புகளில் மூன்றே முயற்சியில் பந்தை உதைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ராட்ஜர்ஸைக் குறைசொல்ல வேண்டுமென்றால் இந்த இரண்டு வாய்ப்புகளைப் பற்றிப் பேசலாம், ஆதாரம் அங்கே இன்னும் வலுவாக இருக்கிறது. ஆனால் அவை நினைவில் நிற்பதில்லை. ஐந்து முறை அவர் பந்தோடு வீழ்த்தப்பட்டதும், இடப்பக்கத் தடுப்பாளர் டேவிட் பாக்தியாரி முழங்கால் காயத்தால் ஆடாததும் அதற்கு முன்பே மறந்துபோகின்றன.

"பெரிய ஆட்டத்தில் சொதப்புபவர்" என்ற முத்திரை எப்படிக் குத்தப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும். என்.எஃப்.சி. இறுதி ஆட்டங்களில் ராட்ஜர்ஸின் கணக்கு 1 வெற்றி, 4 தோல்வி. எண் சரிதான். ஆனால் 2020 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிடம் 37-20 என்று தோற்ற நாளில் எதிரணியின் ரஹீம் மோஸ்டர்ட் 220 யார்டு ஓடி நான்கு டச் டவுன் அடித்தார். பந்தே கையில் இல்லாதபோது குவார்ட்டர்பேக் என்ன செய்வார்? 2015 ஜனவரியில் சியாட்டிலிடம் கூடுதல் நேரத்தில் தோற்ற ஆட்டத்தில், கோல் கோட்டை ஒட்டி இரண்டு முறை வந்தும் டச் டவுனுக்குப் போகாமல் ஃபீல்டு கோலோடு திரும்பியது பேக்கர்ஸ். அதே ஆட்டத்தின் கடைசியில் ஆன்சைடு உதையை (உதைக்கும் அணியே பந்தைத் திரும்பப் பெறப் பார்க்கும் குறுகிய உதையை) பிடிக்க முடியாமல்போன பேக்கர்ஸ் வீரர் பிராண்டன் பாஸ்டிக்குக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஆட்டத்தை நேசிக்கிறோம் என்று சொல்கிறவர்களிடமிருந்து அப்படி ஒன்று வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது. வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவர் கையிலிருந்து பந்து நழுவியது அவருடைய உயிருக்கு மேல் போகிற விஷயம் அல்ல.

இனி டிரேட் பேச்சுக்கு வருவோம். தோல்விக்குப் பிறகு தன் எதிர்காலம் நிச்சயமில்லை என்று ராட்ஜர்ஸ் சொன்னார். ஏப்ரல் 29 அன்று, டிராஃப்ட் (அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது, அவருக்கு கிரீன் பேக்குத் திரும்ப விருப்பமில்லை என்ற செய்தி வெடித்தது. உடனே டென்வருக்கு அனுப்பு, சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பு, மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளை வாங்கு என்று ஆளாளுக்கு ஒப்பந்தம் எழுதினார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் பார்க்காதது சம்பள உச்சவரம்பை. ஒவ்வோர் அணியும் ஓராண்டில் இவ்வளவுதான் செலவுக்கணக்கு காட்டலாம் என்று என்.எஃப்.எல். வரையறுக்கிறது. பெருந்தொற்றால் வருமானம் விழுந்ததால் 2021-இல் அது 198.2 மில்லியன் டாலரிலிருந்து 182.5 மில்லியனாகக் குறைந்திருந்தது. கையெழுத்திடும்போது வீரருக்கு மொத்தமாகக் கொடுக்கும் போனஸை அணி பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். வீரரை அனுப்பிவிட்டால், இன்னும் எழுதாத மீதி அத்தனையும் பழைய அணியின் கணக்கில் ஒரே அடியாக வந்து விழும். டெட் மணி என்பது இதுதான். ராட்ஜர்ஸை அந்த ஏப்ரலில் கொடுத்திருந்தால் பேக்கர்ஸ் தலையில் 38 மில்லியன் டாலருக்கு மேல் விழுந்திருக்கும். அதாவது, ஆடாத ஒருவருக்காக மொத்த வரம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஜூன் 1-க்குப் பிறகு கொடுத்தால் அந்தச் சுமையை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரிக்கலாம். ஆனால் அதற்குள் டிராஃப்ட் முடிந்திருக்கும், அந்த ஆண்டின் தேர்வுகள் கிடைக்காது. "இன்றைக்கே கொடு" என்பவர்கள் இந்த இரண்டில் எதைத் தாங்கச் சொல்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாங்குபவர் பக்கத்தையும் மறந்துவிடுகிறார்கள். டென்வர் ரசிகர்கள் தூக்கிக் கொடுக்கத் தயாராக இருந்த, 2021 டிராஃப்டின் ஒன்பதாவது தேர்வில் அணி எடுத்தது பாட்ரிக் சர்டெய்னை. 2024 பருவத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. அதே டென்வர் 2022-இல் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனுக்காக இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள், இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், மூன்று வீரர்கள் என்று அள்ளிக் கொடுத்தது. இரண்டே பருவத்தில் அவரை விடுவித்து 85 மில்லியன் டாலர் டெட் மணியைச் சுமந்தது. பெரிய பெயர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கொடிய பில் வந்ததில்லை.

ராட்ஜர்ஸ் அந்த ஆண்டு போகவில்லை. ஜூலையில் ஒப்பந்தத்தை மாற்றி எழுதிக்கொண்டு திரும்பினார், லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதை நான்காவது முறை வாங்கினார். டிரேட் நடந்தது 2023 ஏப்ரலில், நியூயார்க் ஜெட்ஸுக்கு. ஜெட்ஸ் கொடுத்ததில் 2024-இன் ஒரு தேர்வும் இருந்தது. ராட்ஜர்ஸ் அந்தப் பருவத்தில் 65 சதவீத ஆட்டத்துண்டுகளில் (ஒவ்வொரு முயற்சியும் ஒரு துண்டு) ஆடினால் அது முதல் சுற்று, இல்லையென்றால் இரண்டாம் சுற்று. செப்டம்பர் 11 அன்று, நான்காவது ஆட்டத்துண்டில் அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. பேக்கர்ஸ் ஏமாந்தது என்று ஒரு பக்கம், ஜெட்ஸ் ஏமாந்தது என்று இன்னொரு பக்கம், ஒரே இரவில் தீர்ப்புகள் வந்தன. ஒரு காயத்தை வைத்து டிரேடை எடைபோட முடியாது. அந்த நிபந்தனையை எழுதி வைத்ததே 39 வயது உடலின் அபாயத்தை இரண்டு அணியும் பங்குபோட்டுக்கொள்ளத்தான்.

கிரீன் பேக்கு அது சரியான டிரேடா என்று கேட்டால், நான் பார்ப்பது ராட்ஜர்ஸின் இடத்துக்கு வந்த குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ்வை. 2023-இல் 40 மில்லியன் டாலர் டெட் மணியோடு ஆடியும் பேக்கர்ஸ் 9-8 என்று பிளேஆஃபுக்குப் போனது, டல்லாஸில் போய் கவ்பாய்ஸை 48-32 என்று வீழ்த்தியது. லவ்வை அணி முதல் சுற்றில் எடுத்தது 2020 ஏப்ரலில். லாம்போ ஃபீல்டில் அந்த மூன்றாவது முயற்சி நடந்ததற்கு ஒன்பது மாதம் முன்பே, ராட்ஜர்ஸுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு நிர்வாகம் பதிலைத் தேடத் தொடங்கியிருந்தது.